கையால் சுற்றும் மால்ட் மில்லுக்கு எத்தனை ஹெச்பி மோட்டார் வேண்டும்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதம் இது. அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறீர்கள். இரண்டு ரோலர் வைத்த மில்லில் ஒவ்வொரு தடவையும் ஐந்து கிலோவுக்கு மேல் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தை, கையால் சுற்றி உடைக்கிறீர்கள், தோள் தாங்கவில்லை. கராஜில் ஒரு பழைய வாஷிங் மெஷின் மோட்டார் கிடக்கிறது. அதைப் பூட்டலாமா, டிரில்லே போதுமா, எத்தனை ஹெச்பி இருந்தால் நிற்காமல் ஓடும் என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்டது ஹெச்பியை. ஆனால் உங்களுக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: தானியம் நிறைந்திருக்கும்போதும் மில் திணறாமல் சுற்ற என்ன வேண்டும், இப்போது கையால் கிடைக்கிற பதம் மோட்டார் போட்ட பிறகும் கெடாமலிருக்க என்ன வேண்டும். இந்த இரண்டுக்கும் ஹெச்பி நேரடியான விடை ஆகாது.

நான் இயந்திரப் பொறியாளன். கியர்பாக்ஸ், கன்வேயர் சம்பந்தப்பட்ட வேலையில் பதினெட்டு ஆண்டுகள். பதினோரு ஆண்டுகளாக வீட்டில் பியர் காய்ச்சுகிறேன். என் மில்லுக்கு மூன்று முறை மோட்டார் மாற்றியிருக்கிறேன், நண்பர்களுக்கு நான்கு செய்து கொடுத்திருக்கிறேன். கீழே சொல்வதில் கணக்கிலிருந்து வருவது எது, என் அனுபவம் மட்டும் எது என்று பிரித்தே சொல்கிறேன். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் 1978-ல் வந்த சட்டத்தின்படி வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சலாம். பெரியவர் ஒருவர் இருக்கும் வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன். தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்கள் இதைப் பார்த்து இறங்க வேண்டாம், அங்கே மதுவிலக்குச் சட்டம் இதை அனுமதிப்பதில்லை.

மோட்டாருக்குப் போகும் முன் மில் செய்யும் வேலையைப் பார்ப்போம். மால்ட்டை நாம் அரைப்பதில்லை, உடைக்கிறோம். உள்ளே இருக்கும் மாவுப் பகுதி நொய்யாகவும் ரவையாகவும் உடைய வேண்டும், மேலே இருக்கும் உமி முடிந்தவரை முழுசாக நிற்க வேண்டும். வெந்நீரில் ஊறிய மால்ட்டிலிருந்து இனிப்பு நீரை வடிக்கும்போது அந்த உமிதான் வடிகட்டியாக வேலை செய்கிறது. உமி தூளாகிப்போனால் பாத்திரத்தின் அடியில் களி மாதிரி இறுகிவிடும், சொட்டுக்கூட இறங்காது. ரொம்பக் கரடுமுரடாக உடைத்தால் மாவுச்சத்து முழுமையாகக் கரையாது, சர்க்கரை குறையும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் பதத்தைத் தீர்மானிப்பதில் முதல் இடம் ரோலர்களுக்கு இடையிலான இடைவெளிக்கு, அடுத்த இடம் ரோலர் சுற்றும் வேகத்துக்கு. மோட்டாரின் ஹெச்பி இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆகவே முதலில் வேகம். கையால் சுற்றும்போது நிமிடத்துக்கு 60 முதல் 90 சுற்று வரை போவோம். வீட்டு மில்களில் பெரும்பாலும் ரோலரின் விட்டம் ஒன்றேகால் அல்லது ஒன்றரை அங்குலம். இந்த அளவுக்கு நிமிடத்துக்கு 150 முதல் 200 சுற்று என்பதுதான் வீட்டில் காய்ச்சுபவர்கள் பல காலமாகப் பழகிவந்த வேகம், நானும் 170-ல்தான் ஓட்டுகிறேன். ஒன்றரை அங்குல ரோலர் 170-ல் சுற்றினால் அதன் மேற்பரப்பு நொடிக்கு 34 சென்டிமீட்டர் நகர்கிறது. உங்களிடம் 2 அங்குல ரோலர் இருந்தால் அதே மேற்பரப்பு வேகத்துக்கு 128 சுற்றே போதும். இது வெறும் கணக்கு, இதில் சந்தேகம் இல்லை.

வேகம் கூடினால் என்ன ஆகும்? தானியம் ரோலர் இடுக்கில் பிடிபடாமல் மேலேயே வழுக்கிக்கொண்டு நிற்கும், உமி கிழியும், தூசி கூடும். ஒரே மூட்டை மால்ட்டை 170-லும் 340-லும் உடைத்து இரண்டையும் வெள்ளைத் தாளில் பரப்பிப் பார்த்தேன். 340-ல் உடைந்ததில் உமி கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கிழிந்திருந்தது, அடியில் மாவும் அதிகம். அதனால் பியரின் ருசி எவ்வளவு மாறியது, விளைச்சல், அதாவது மால்ட்டிலிருந்து கிடைக்கும் சர்க்கரை, எத்தனை சதவீதம் கூடியது என்று நான் அளக்கவில்லை. 200-க்கும் 250-க்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதில் காய்ச்சுபவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. டிரில்லை 300-ல் ஓட்டியும் நல்ல பியர் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். என் பார்வையில், புதிதாகக் கட்டுகிறவர் 200-க்குக் கீழே வைப்பதுதான் நல்லது. அங்கே எல்லாமே சாந்தமாக ஓடும், சத்தமும் குறைவு, ஏதாவது சிக்கினால் யோசிக்க நேரமும் இருக்கும்.

அடுத்தது முறுக்குவிசை, அதாவது ரோலரைத் திருகிச் சுற்றவைக்கும் பலம். இதை ஊகிக்கத் தேவையில்லை, உங்கள் மில்லிலேயே அளந்துவிடலாம். விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசு வீட்டில் இருக்கும். மில்லை மேசையில் இறுக்கிக் கட்டி, நீங்கள் வழக்கமாக வைக்கும் இடைவெளியை வைத்து, ஹாப்பரை, அதாவது மேலே தானியம் கொட்டும் பெட்டியை, மால்ட்டால் நிரப்புங்கள். கைப்பிடியின் நுனியில் கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுங்கள். ரோலர் நகர ஆரம்பிக்கும் நொடியில் தராசு காட்டும் உச்ச எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மெதுவாகச் சுற்றவைத்து, ஓடும்போது காட்டும் எடையையும் குறியுங்கள். கிலோவை 9.8-ஆல் பெருக்கி, கைப்பிடியின் நீளத்தை மீட்டரில் பெருக்கினால் முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும். என் மில்லில் 20 சென்டிமீட்டர் கைப்பிடியில் ஓடும்போது 3 கிலோ, நிரம்பிய ஹாப்பரோடு புறப்படும்போது 6 கிலோ காட்டியது. அதாவது ஓட 6 நியூட்டன் மீட்டர், புறப்பட 12.

இந்த எண்கள் என் மில்லுக்கு மட்டும். இடைவெளி குறைந்தால், ரோலர் நீளமாக இருந்தால், கோதுமையோ ரை என்ற தானியமோ போட்டால், மூன்று ரோலர் மில்லாக இருந்தால் விசை கணிசமாக ஏறும். அதனால் அளந்த புறப்பாட்டு விசையை ஒன்றரை மடங்காக்கி அதையே இலக்காக வையுங்கள். எனக்கு அது 18. பொதுவாக இரண்டு ரோலர் வீட்டு மில்லுக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர் கிடைத்தால் நிம்மதி. வேகம் குறைக்கும் கியரோடு சேர்ந்தே வரும் பழைய கியர் மோட்டார்களின் பெயர்ப்பலகையில் இது அங்குல-பவுண்டில் எழுதியிருக்கும். ஒரு நியூட்டன் மீட்டர் 8.85 அங்குல-பவுண்டு. ஆக 150 அங்குல-பவுண்டு என்று போட்டிருந்தால் 17 நியூட்டன் மீட்டர், வாங்கலாம்.

இப்போதுதான் ஹெச்பி வருகிறது. 170 சுற்றில் 20 நியூட்டன் மீட்டர் வேண்டுமென்றால் 356 வாட் தேவை. அரை ஹெச்பி என்பது 373 வாட். எல்லாரும் அரை ஹெச்பி என்று சொல்வது இங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த அரை ஹெச்பி சரியான வேகக் குறைப்போடு வந்தால்தான் பயன். அரை ஹெச்பி மோட்டார் 1725 சுற்றில் தருவது வெறும் 2 நியூட்டன் மீட்டர்தான். அதைப் பத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் வேகம் 172 ஆகும், விசை 20 ஆகும், பெல்ட்டில் போகும் இழப்பைக் கழித்தால் 18 சொச்சம் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு ஹெச்பி மோட்டாரைப் பத்துக்கு ஒன்றாகக் குறைத்தால் 13 அளவில் கிடைக்கும். சாதாரண பார்லி மால்ட்டுக்கு அது ஓடும், கோதுமை போடும் நாளில் முனகும்.

முனகல் என்றதும் நம் வீட்டு வெட் கிரைண்டர் ஞாபகம் வருகிறது. அரிசியை முழுக்கப் போட்டு, கல்லை இறக்கி, அப்புறம் சுவிட்சைப் போட்டால் சில கிரைண்டர்கள் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு நின்றுவிடும். அதனால்தான் அம்மா முதலில் ஓடவிட்டு, அரிசியைக் கை கையாக அள்ளிப் போடுவார். மால்ட் மில்லுக்கும் அதே விதிதான். ஒற்றைக் கட்ட மோட்டார்களில் ஓடும் விசை வேறு, புறப்படும் விசை வேறு. புறப்படும்போது மட்டும் வேலை செய்யும் கெபாசிட்டர் உள்ள மோட்டார், ஊர் எலெக்ட்ரீஷியன் பாஷையில் கண்டென்சர் வைத்தது, ஓடும் விசையைப் போல இரண்டு மூன்று மடங்கோடு புறப்படும். கெபாசிட்டர் இல்லாமல் துணைச்சுருளை மட்டும் நம்பும் மோட்டார் அதைவிடக் குறைவாகப் புறப்படும். காற்றாடி, எக்ஸாஸ்ட் ஃபேன் போன்றவற்றில் இருக்கும் மோட்டாரில் கெபாசிட்டர் நிரந்தரமாக இணைந்தே இருக்கும், ஆனால் புறப்படும் விசை மிகக் குறைவு. என் முதல் முயற்சி அப்படி ஒரு காற்றோட்ட விசிறி மோட்டார்தான். பலகையில் அரை ஹெச்பி என்றுதான் இருந்தது, காலி மில்லை அழகாகச் சுற்றியது. ஹாப்பரில் இரண்டு கிலோ மால்ட் இருந்தபோது போட்டேன், நின்ற இடத்திலேயே சூடேறி, நாற்றம் வந்த பிறகுதான் அணைத்தேன். அன்று அந்த மோட்டாரின் சுருள் போய்விட்டது.

சரி, உங்கள் வாஷிங் மெஷின் மோட்டார். மேலிருந்து துணி போடும் பழைய அமெரிக்க மெஷின்களில் வந்த மோட்டார்கள் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு முதல் அரை ஹெச்பி வரை, 1725 சுற்று. பலவற்றில் இரண்டு வேகங்கள் உண்டு. ஐந்து நிமிட வேலைக்கு இவை தாராளமாகப் போதும். சிக்கல் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது. ஒன்று, புறப்படும் சுருளை இணைத்துத் துண்டிக்கும் அமைப்பு மோட்டாரின் மேலேயே இருக்கலாம், மெஷினோடு போயிருக்கவும் கூடும். அது இல்லாமல் கம்பியைக் கண்டபடி இணைத்தால் சுருள் எரியும். இரண்டு, இந்த மோட்டார்கள் திறந்த உடம்பு, மால்ட் தூசி நேராக உள்ளே போகும். மூன்று, இவற்றுக்கு மேசையில் நிற்கும் கால்கள் கிடையாது, தாங்கி நீங்களே செய்ய வேண்டும். முன்பக்கக் கதவு உள்ள புது மெஷினிலிருந்து எடுத்ததென்றால் தொடவே வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை மெஷினின் கட்டுப்பாட்டுப் பலகை இல்லாமல் ஒழுங்காக ஓடாது. ஆக, பெயர்ப்பலகையையும் கம்பிகளையும் பார்க்காமல் உங்கள் மோட்டாருக்கு ஆம் இல்லை என்று சொல்வது நியாயமாக இருக்காது. டிரெட்மில் மோட்டாரையும் பலர் கேட்பார்கள். அது மிக வேகமாக ஓடும் டிசி மோட்டார், அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுப் பெட்டி வேண்டும், மெதுவாக ஓட்டினால் அதன் விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடாகும். கையில் சும்மா கிடந்தால் செய்து பார்க்கலாம், காசு கொடுத்து வாங்க மாட்டேன்.

டிரில் போதுமா என்றால், போதும். இதை அரைமனதாகச் சொல்லவில்லை. பாதி அங்குலச் சக் (பிட்டைக் கவ்வும் வாய்) வைத்த, கம்பியோடு வரும், மெதுவாக ஓடும் டிரில் ஒன்று இருந்தால் அதையே ஆறு மாதம் ஓட்டுங்கள். உச்ச வேகம் 500, 600 என்று போட்டிருக்கும் வகை நல்லது. 2500 சுற்று டிரில்லைப் சுவிட்சை லேசாக அழுத்திப் பிடித்துப் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் ஓட்டினால், உள்ளே காற்றடிக்கும் விசிறியும் சேர்ந்து மெதுவாகி, மோட்டார் சூடேறிக் கருகிவிடலாம். பேட்டரி டிரில்லில் முதல் கியரில் வைத்தால் ஐந்து கிலோ உடைந்துவிடும், நடுவில் ஒரு முறை ஓய்வு கொடுங்கள். மில்லின் ஷாஃப்ட், அதாவது ரோலரைச் சுற்றும் தண்டு, வழவழப்பான உருண்டையாக இருந்தால் சக் வழுக்கும். அரத்தால் மூன்று பக்கம் சமமாகத் தட்டையாக்கிவிடுங்கள், மூன்று தாடைகளும் அதில் உட்காரும். மிக முக்கியமானது, டிரில்லைக் கையில் மட்டும் பிடிக்காதீர்கள். மால்ட்டில் வரும் சிறு கல் ஒன்று இடுக்கில் மாட்டினால் ரோலர் நிற்கும், டிரில் சுற்றும், மணிக்கட்டு திருகும். பக்கக் கைப்பிடியை மேசையில் அறைந்த ஒரு கட்டையில் முட்டுக்கொடுத்து வையுங்கள்.

ஆண்டுக்கு ஐந்தாறு முறை காய்ச்சுபவருக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது. மாதம் இரண்டு முறை காய்ச்சினால் பெல்ட்டோ கியர் மோட்டாரோ யோசிக்கலாம். இரண்டில் எது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. வீட்டில் நீங்களே செய்வதென்றால் பெல்ட். காரணம், பெல்ட் மன்னிக்கும். கல் சிக்கினால் பெல்ட் கீச்சிட்டு வழுக்கும், நீங்கள் சுவிட்சை அணைப்பீர்கள், அவ்வளவுதான். கியர் மோட்டாரை ஷாஃப்டோடு நேராக இணைத்தால் எங்கும் வழுக்காது, அதனால் ஏதோ ஒன்று உடையும்: ஷாஃப்டைப் பூட்டும் சாவித் துண்டோ, ரோலரின் சொரசொரப்போ, கியர் பல்லோ. நடுவே இரண்டு ஷாஃப்டையும் சேர்க்கும் லவ்ஜாய் கப்ளிங் போடுகிறோமே என்பீர்கள். அதிலுள்ள ரப்பர் நட்சத்திரம் சின்ன விலகலையும் அதிர்வையும் தாங்கும், பாதுகாப்பு உருகியின் வேலையைச் செய்யாது. கியர் மோட்டார்தான் வேண்டும் என்றால் அதிக மின்னோட்டம் போனால் துண்டிக்கும் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள். பெயர்ப்பலகையில் உள்ளே போகும் வாட்டைப் பார்க்காமல் வெளியே வரும் முறுக்குவிசையைப் பாருங்கள், ஏனென்றால் இவற்றில் பலவற்றில் இருக்கும் வோர்ம் கியரில் (திருகு வடிவக் கியர்) ஒரு நல்ல பங்கு சூடாகவே போய்விடும். மற்றபடி கியர் மோட்டாருக்கு இடம் குறைவு, சத்தம் குறைவு, வெளியே சுற்றும் பெல்ட்டும் இல்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும் அதைத் தேர்ந்தெடுக்க.

பெல்ட்டில் கணக்கு எளிது. மோட்டார் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) ஒன்றரை அங்குலம், மில் புல்லி 12 அங்குலம் என்றால் எட்டுக்கு ஒன்று, 1725 என்பது 215 ஆகும். மோட்டார் புல்லி 2 அங்குலமாக இருந்தால் 287. கடையில் எளிதாகக் கிடைக்கும் அளவுகளில் ஒரே படியில் 200-க்குக் கீழே இறங்குவது சிரமம். ஒன்றரை அங்குலப் புல்லியில் அரை அங்குல வி-பெல்ட் ரொம்ப மடங்குகிறது, சுற்றிப் பிடிக்கும் பரப்பும் குறைவு, அதனால் வழுக்கல் அங்கேதான் ஆரம்பிக்கும். இரண்டு ஷாஃப்டுக்கும் இடையே தூரத்தைக் கூட்டினால் பெல்ட் சின்னப் புல்லியை இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிப் பிடிக்கும். இடம் இருந்தால் நடுவே ஒரு துணை ஷாஃப்ட் வைத்து 2-க்கு 6, மறுபடியும் 2-க்கு 6 என்று இரண்டு படியாக இறக்குங்கள். ஒன்பதுக்கு ஒன்று, வேகம் 191. செலவு கூடும், பேரிங் இரண்டு கூடும், ஆனால் சாதாரண ஓட்டத்தில் பெல்ட் வழுக்காது. இப்போது என் மில் அப்படித்தான் ஓடுகிறது, ஆறு ஆண்டுகளில் பெல்ட் ஒரு முறைதான் மாற்றினேன். என்னுடையது 170-ல் ஓடுவதற்குக் காரணம் இரண்டாம் படியில் கொஞ்சம் பெரிய புல்லி. ஊரில் செய்பவர்கள் ஏதாவது தானியத்துக்கு இதே கணக்கைப் போட்டால், அங்கே 50 சுழற்சி மின்சாரம் என்பதால் மோட்டார் 1440 அளவில்தான் சுற்றும், அதை வைத்துக் கணக்கிடுங்கள்.

யாரும் எச்சரிக்காததால் நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. மில்லின் ஷாஃப்ட் பக்கவாட்டு இழுப்பைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல. கையால் சுற்றும்போது அதன்மேல் விழுவது பெரும்பாலும் முறுக்குதான். பெல்ட் போட்டால் இரண்டு மூன்று புத்தக மூட்டையைக் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி ஒரே திசையில் இழுக்கும். 12 அங்குலப் புல்லியில் 20 நியூட்டன் மீட்டர் கொடுக்க பெல்ட்டின் இறுக்கமான பக்கமும் தளர்ந்த பக்கமும் சேர்ந்து ஷாஃப்டை இழுப்பது 20 முதல் 27 கிலோ எடைக்குச் சமம். புல்லி சின்னதாக ஆக இந்த இழுப்பு கூடும். பெரும்பாலான வீட்டு மில்களில் ஷாஃப்ட் உட்கார்ந்திருப்பது பால் பேரிங்கில் அல்ல, வெண்கலப் புஷ்ஷில், அதாவது வெறும் வெண்கல வளையத்தில். என் இரண்டாவது கட்டுமானத்தில் கனமான வார்ப்பிரும்புப் புல்லியை நேராக மில் ஷாஃப்டிலேயே மாட்டினேன். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பக்கத்துப் புஷ் முட்டை வடிவமாகத் தேய்ந்து, ரோலர் ஒரு முனையில் இறங்கி, ஒரு பக்கம் மாவாகவும் மறுபக்கம் முழுத் தானியமாகவும் விழ ஆரம்பித்தது. விளைச்சல் குறைவதற்குத் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு நான்கு தடவை காய்ச்சினேன். பிறகுதான் ரோலரின் இரு முனையிலும் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்த்து விஷயம் புரிந்தது. ஆகவே புல்லியைத் தனி ஷாஃப்டில், இரண்டு பக்கமும் பேரிங் கட்டை வைத்துத் தாங்குங்கள். அந்த ஷாஃப்டை ஒரு கப்ளிங் வழியாக மில்லோடு இணையுங்கள். அப்போது மில்லுக்குப் போவது முறுக்கு மட்டும்தான். இதற்கு ஆகும் செலவு ஒரு புது மில்லின் விலையை ஒப்பிட்டால் சிறியது.

இடைவெளி விஷயத்தில் என் வழக்கம்: பார்லி மால்ட்டுக்கு 1 மில்லிமீட்டர், கோதுமைக்கு 0.8. ஃபீலர் கேஜ் இல்லையென்றால் கிரெடிட் கார்டு உதவும், அதன் தடிமன் 0.76 மில்லிமீட்டர் என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். அது ரோலருக்கு நடுவே சும்மா வழுக்கி இறங்கினால் 0.76-க்கு மேல் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். மோட்டார் போட்ட முதல் நாள், கையால் சுற்றும்போது வைத்திருந்த இடைவெளியிலேயே ஆரம்பியுங்கள். வேகம் கூடியதால் பதம் சற்று மாறும், அதைப் பார்த்துவிட்டு இடைவெளியைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது காரணம் என்று தெரியாது. உடைத்ததில் ஒரு கைப்பிடி எடுத்துப் பரப்பி, முழுத் தானியம் எத்தனை என்று எண்ணுங்கள். நூற்றில் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. பையில் கட்டி ஊறவைக்கும் முறையில் காய்ச்சினால் உமியைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம், இன்னும் நெருக்கமாகவே வைக்கலாம்.

உமியைக் காக்க இன்னொரு நல்ல வழி, உடைப்பதற்குச் சற்று முன் மால்ட்டில் லேசாகத் தண்ணீர் தெளிப்பது. எடையில் 2 சதவீதம், அதாவது 5 கிலோவுக்கு 100 மில்லி. கையால் பிசிறிவிட்டு ஐந்து நிமிடம் வைத்தால் உமி தோல் மாதிரி இளகிவிடும், உள்ளே மாவு காய்ந்தபடியே இருக்கும். நம் வீடுகளில் பயறு உடைக்கும் முன் தண்ணீர் தெளித்து வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மில்லில் இதன் பலன் கையால் சுற்றுவதைவிட நன்றாகத் தெரிகிறது என்பது என் அனுபவம். ஆனால் உடைத்து முடித்ததும் ரோலரைத் துடைத்து, கைப்பிடியளவு காய்ந்த மால்ட்டை ஓடவிட வேண்டும். இல்லையென்றால் சாதா இரும்பு ரோலர் துருப்பிடிக்கும்.

ஓட்டும்போது வரிசை மாறக்கூடாது. ஹாப்பரின் அடியில் இழுத்து மூடும் தகடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை மூடி மால்ட்டைக் கொட்டி, மோட்டாரைப் போட்டு, முழு வேகம் வந்த பிறகு தகட்டைத் திறங்கள். நிறுத்தும்போது தகட்டை மூடி, ரோலர் காலியாகும் வரை ஓடவிட்டு அப்புறம் அணையுங்கள். நடுவில் மின்சாரம் போய் தானியத்தோடு நின்றுவிட்டால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடைவெளியைத் திறந்து, கையால் சுற்றிக் காலி செய்யுங்கள். சில சமயம் மோட்டார் சுற்றும், மோட்டாரோடு இணைந்த ரோலரும் சுற்றும், ஆனால் எதிர் ரோலர் சும்மா நிற்கும், தானியம் இறங்காது. மோட்டாருக்கு விசை போதவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் எதிர் ரோலரின் புஷ்ஷில் அடைந்த மாவு, அல்லது ரோலரின் சொரசொரப்பு தேய்ந்துபோனது. கழற்றிச் சுத்தம் செய்தாலே பாதிப் பேருக்குச் சரியாகிவிடும்.

பாதுகாப்பில் நான் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை. கையால் சுற்றும் மில்லில் விரல் பட்டால் வலிக்கும், உடனே நிறுத்துவீர்கள். 18 நியூட்டன் மீட்டர் விசையில் சுற்றும் ரோலருக்கு விரல் தெரியாது. ஹாப்பருக்குள் விரல் போகாத அளவுக்குக் கம்பி வலை, பெல்ட்டையும் புல்லியையும் முழுக்க மூடும் பெட்டி, கை எட்டும் தூரத்தில் தட்டினால் அணையும் பெரிய சுவிட்ச், இந்த மூன்றும் இல்லாமல் முதல் நாள் சோதனைகூட வேண்டாம். மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாக ஓட ஆரம்பிக்காத வகைச் சுவிட்சை வாங்குங்கள், மர அறுவை இயந்திரங்களுக்கு விற்பார்கள். அரை ஹெச்பி மோட்டார் 115 வோல்ட்டில் ஓடும்போது கிட்டத்தட்ட 10 ஆம்பியர் இழுக்கும், புறப்படும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு. விளக்குச் சுவிட்ச் அதைத் தாங்காது. மோட்டார் உடம்பு, தாங்கும் இரும்புச் சட்டம் இரண்டுக்கும் எர்த் கொடுங்கள். கசிவு மின்னோட்டத்தில் துண்டிக்கும் பிளக்கில் மாட்டுங்கள். கெபாசிட்டரைத் தொடும் முன் அதில் தேங்கிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அடிக்கும். மின் இணைப்பில் பழக்கமில்லை என்றால் இந்த ஒரு பகுதிக்கு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

தூசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். தானியத் தூசி காற்றில் அடர்த்தியாகப் பறந்தால் தீப்பற்றி வெடிக்கும், பெரிய தானியக் கிடங்குகளில் அப்படி நடந்திருக்கிறது. ஐந்து கிலோவைக் கராஜ் கதவைத் திறந்துவைத்து உடைக்கும்போது அந்த அடர்த்தி வர வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் மோட்டாரைத் தூசி விழும் வழியில் வைக்காதீர்கள், முடிந்தால் மூடிய உடம்பு மோட்டாரே வாங்குங்கள், முகக்கவசம் போடுங்கள். நமக்கு அன்றாடம் வரும் ஆபத்து வேறு: மால்ட்டின் மேல் லாக்டோபேசிலஸ் பாக்டீரியா இயல்பாகவே ஒட்டியிருக்கும். பியர் நொதிக்கும் அறையில் மில்லை ஓட்டினால் தூசியோடு அது போய் விழும், பியர் புளிக்கும். மோட்டார் வந்த பிறகு தூசி கூடும் என்பதால் மில்லுக்கு வேறு இடம் பாருங்கள்.

இப்போதைக்கு மோட்டாரைத் தொடாமல் கொக்கித் தராசை எடுங்கள். புறப்படும்போது காட்டிய எடை, ஓடும்போது காட்டிய எடை, கைப்பிடியின் நீளம், ரோலரின் விட்டம், இந்த நான்கையும் எழுதுங்கள். வாஷிங் மெஷின் மோட்டாரின் பெயர்ப்பலகையையும், அதிலிருந்து வெளியே வரும் கம்பிகளையும் படமெடுத்துப் போடுங்கள். புல்லி அளவை நான் கணக்குப் போட்டுத் தருகிறேன்.